கை தேய்த்த இரும்பு

பழம்பொருள் மனிதர்கள் – 14

பழைய ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள். தோளில் வைத்துக் குறிபார்க்க மாட்டார். உள்ளே தோட்டா இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்வார். மேசையில் துணி விரித்துத் தலைகீழாகப் படுக்கவைப்பார். அளவு பார்த்து எடுத்த திருப்புளியால் திருகுகளைக் கழற்றி, மரக்கட்டையிலிருந்து இரும்பை மெல்லப் பிரிப்பார். அவருக்குப் பார்க்க வேண்டியது குழலின் அடிப்பக்கம். பல காலம் வெளிச்சம் படாத அந்த இடத்தில்தான் எழுத்தெல்லாம் இருக்கிறது.

நகைக்கு ஹால்மார்க் போலத் துப்பாக்கிக்கும் முத்திரை உண்டு. ஜெர்மனியில் அதற்கான சட்டம் 1891-இல் வந்தது. 1893-இல் நடைமுறைக்கு வந்தது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலையும் அரசின் சோதனைச்சாலையில் வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் கிரீடம் போட்ட எழுத்துகள் விழும். 'பி' என்றால் சுட்டுச் சோதித்தாயிற்று. 'யு' என்றால் அதன்பின் பரிசோதித்தாயிற்று. 'ஜி' என்றால் குழலின் உட்புறம் சுருள் வரி வெட்டியது. பக்கத்திலேயே ஒரு புதிர் எண்ணும் இருக்கும். 108.49 என்று கண்டால் அது மில்லிமீட்டர் கிடையாது. ஒரு பவுண்டு ஈயத்தை அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் உருண்டைகளாக வார்த்தால் எத்தனை வரும் என்ற கணக்கு. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 108.49 என்பது சுமார் 8.9 மில்லிமீட்டர். துரிங்கியா மாநிலத்தின் துப்பாக்கி ஊரான ஸூலில் 1920-களில் சோதித்தவற்றில் மாதமும் ஆண்டும்கூடப் பொறித்திருக்கும்; பிறந்த தேதி எழுதிய ஜாதகம்போல.

இதைப் படிக்கத் தெரியாமல் வாங்குவதில் உயிர் ஆபத்தே இருக்கிறது. 8×57 என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உண்டு. பழைய 'ஐ' வகைக்குக் குண்டின் விட்டம் .318 அங்குலம். ஜெர்மன் ராணுவம் 1900-களின் தொடக்கத்தில் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது அது .323 ஆனது, அதற்கு 'எஸ்' என்று பெயர். வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் பழைய அளவிலேயே குழல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது. பெரிய குண்டைச் சின்னக் குழலில் திணித்துச் சுட்டால் அழுத்தம் தாறுமாறாக ஏறும், பிடித்திருப்பவர் முகத்துக்குப் பக்கத்திலேயே.

சோதனையின் விலையை ஜெர்மன் ராணுவத்துக்குத் துப்பாக்கி வடிவமைத்த மவுசரே கொடுத்திருக்கிறார். பால் மவுசர், 1838-இல் பிறந்தவர், நெக்கார் ஆற்றங்கரையில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற சிற்றூர்க்காரர். அவ்வூரின் பழைய கிறிஸ்தவ மடத்தை 1811-இல் வூர்ட்டம்பெர்க் அரசர் துப்பாக்கிச் சாலையாக மாற்றியிருந்தார். அப்பா அங்கே தொழிலாளி. பதின்மூன்று பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையான பால், பின்னாளில் அண்ணன் வில்ஹெல்முடன் சேர்ந்து அந்தச் சாலையையே வாங்கினார். 1901-இல் புதிய தானியங்கித் துப்பாக்கியைச் சோதித்தபோது நேர்ந்த விபத்தில் அவருடைய இடது கண் போயிற்று. அதற்குப் பின்னும் வேலையை விடவில்லை.

அவருடைய புகழ்பெற்ற வடிவத்தை 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்டது. தோட்டாவின் விளிம்பைக் கடைசி வரை விடாமல் பற்றியிருக்கும் நீளமான கொக்கி. முன்னால் இரண்டு பூட்டுக்காதுகளும் அவை உடைந்தாலும் காப்பாற்றப் பின்னால் மூன்றாவதும். வாயு பின்னால் பீறிட்டால் கண்ணில் படாமல் ஒதுக்கிவிடும் துளைகள். போர்க்களத்துக்காகச் செய்த இதே பூட்டமைப்பு ஆப்பிரிக்கக் காட்டுக்கும் பொருந்திப்போனது. எருமை பாய்ந்து வரும்போது தோட்டா சிக்கிக்கொண்டால் அங்கே இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பிரிட்டிஷ் பிரபுக்கள் கையால் இழைத்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளோடு வந்தார்கள். அவற்றின் விலை சாதாரணக் குடியேற்றக்காரருக்கு எட்டாது. மவுசர் எட்டியது.

இங்கேதான் பெர்லின் துப்பாக்கிக் கம்மியர் ஓட்டோ போக் வருகிறார். 1905-இல் அவர் வடிவமைத்த 9.3×62 தோட்டாவை நான் பொறியியலின் எளிய அழகுக்கு உதாரணமாகச் சொல்வேன். பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டா, அதற்கு நீளமான தனிப் பூட்டமைப்பு, அதற்குத் தனி விலை என்று போகாமல், சாதாரண மவுசருக்குள் அடங்கும் நீளத்திலேயே 18.5 கிராம் குண்டைச் செலுத்த வழி கண்டார். மருந்தின் அழுத்தத்தையும் அடக்கமாகவே வைத்தார். வெயிலில் காய்ந்த தோட்டாவில் மருந்து வேகமாக எரியும், அழுத்தம் ஏறும், சுட்ட பித்தளைக் கூடு அறைக்குள் இறுகி வெளியே வர மறுக்கும். வெப்பநாட்டுக்குப் போகிற தோட்டாவுக்கு அந்த அடக்கம் உயிர்காப்பு. நூறு ஆண்டு கடந்தும் அது இன்னும் தயாராகிறது.

அந்தத் தோட்டா யாருக்காகச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான் சொன்னவனாவேன். ஆப்பிரிக்காவின் ஜெர்மன் காலனிகளில் பண்ணை வைத்தவர்களுக்காக. அந்தப் பண்ணைகள் எப்படி வந்தன? இன்றைய நமீபியாவில் ஹெரேரோ மக்கள் 1904 ஜனவரியில் எழுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் லோதார் ஃபான் துரோதா அவர்களை ஒழித்துக்கட்ட ஆணையிட்டார். நாமா மக்களுக்கும் அதே கதி. பிழைத்தவர்களின் நிலம் பறிமுதலாகிக் குடியேற்றக்காரர்கள் கைக்குப் போனது. இன்றைய தான்சானியாவில் மாஜி மாஜி எழுச்சி தொடங்கியது, போக் தன் தோட்டாவை வெளியிட்ட அதே 1905-இல். நமீபியாவில் நடந்ததை இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொள்ள 2021 ஆயிற்று. படைவீரன் தோளில் இருந்ததும் பண்ணைக்காரர் சுவரில் தொங்கியதும் ஒரே குடும்பத்து இரும்பு. அழகான வால்நட் கட்டையைத் தடவிப் பார்க்கும்போது இது என் நினைவை விட்டு அகல்வதில்லை, அகலவும் வேண்டாம்.

வேட்டைக்காரர்களிலேயே சிலருக்கு மனம் மாறியதும் உண்மை. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆளுநராக இருந்த ஹெர்மான் ஃபான் விஸ்மான் 1896-இலேயே வேட்டைக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்து காப்புப் பகுதிகளை ஒதுக்கினார். அதே நிலத்தில் வேட்டையாடப் போன கார்ல் கேயார்க் ஷில்லிங்ஸ், துப்பாக்கியோடு கேமராவையும் மெக்னீசிய வெளிச்சப் பொடியையும் சுமக்கவைத்தார். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க வந்த விலங்குகள் மேல் ஒரு கணம் வெளிச்சம் பாய்ச்சி அவர் எடுத்த படங்கள் 1905-இல் புத்தகமாக வந்தன. காட்டு விலங்கை இரவில் உயிரோடு படம்பிடித்த மிக ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. பிற்பாடு விலங்குகளைக் காக்கவே அவர் பேசினார், எழுதினார். வேட்டைக்குக் காவல்விதி போட்ட அந்த அரசு, அந்த மண்ணின் மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதை மேலே சொன்னேன்.

"சுமக்கவைத்தார்" என்றேன் அல்லவா? இந்த வாரம் நான் எழுத வந்ததே அந்தச் சொல்லைப் பற்றித்தான்.

ஆப்பிரிக்க வேட்டை என்பது பெரும்பாலும் நடை. நாள் முழுக்க நடை. அந்த நடையில் துப்பாக்கியைச் சுமந்தவர் பல நேரம் துரை இல்லை. கூலிக்கு அமர்த்திய உள்ளூர்க்காரர். துப்பாக்கியைத் தோளில் கிடத்தி, கட்டை பின்னால் போக, முன்னால் நீளும் குழலைக் கையால் பிடித்தபடி நடப்பார். மிருகம் கண்ணில் பட்டதும் துரை கையை நீட்டுவார், இவர் கொடுப்பார். சுட்டவர் பெயர் நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. சுமந்தவர் பெயர், இருந்தால், ஒற்றைச் சொல்லாக எங்கோ ஒரு வரியில் வரும்.

இரும்பு அவரை மறக்கவில்லை. துருப்பிடிக்காமல் இருக்கக் குழலுக்கு ஏற்றிய நீலக்கருமை, உள்ளங்கை வியர்வை படப்பட மெல்லக் கரையும். பிடி விழுந்த இடம் மட்டும் வெளுத்து, சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். தோட்டா அறைக்குச் சற்று முன்னால், ஒற்றைக் கையில் தூக்கினால் எடை சமமாகும் இடத்திலும் அப்படியே. கிணற்று உருளையில் கயிறு அறுத்த தடம் போன்றது அது. யார் இறைத்தார்கள் என்று தடம் சொல்லாது. எவ்வளவு காலம் இறைத்தார்கள் என்று சொல்லும். சில துப்பாக்கிகளில் அது வேட்டைக்காரரின் கையாகவே இருக்கலாம். பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் நாள்முழுக்க யார் பிடித்திருந்தார் என்ற கணக்கு யார் பக்கம் சாயும் என்பது தெளிவு.

குழலின் உட்புறம் வேறு கதை சொல்லும். அந்நாளைய தோட்டாக்களில் தீயைப் பற்றவைக்கும் மருந்து, சுட்டபின் உப்பைப் படியவிட்டுப் போகும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், இரவுக்குள் துரு. எண்ணெய் மட்டும் போட்டால் போகாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தண்ணீரே அருமையான இடங்களில் எத்தனை பேர் கழுவினார்கள்? ஆகவே ஆப்பிரிக்கா போய்வந்த குழல்கள் பலவற்றின் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

சந்தையில் இதற்கெல்லாம் ஒரே மொழிதான். நீலம் எத்தனை சதவீதம் மிச்சம் என்று ஏலப் பட்டியலில் போடுவார்கள். தொண்ணூறு என்றால் விலை ஏறும், நாற்பது என்றால் இறங்கும். அதனால் விற்பவர் சாணைத் துணியைக் கையிலெடுக்கிறார். குழலைத் தேய்த்துப் புது நீலம் ஏற்றுகிறார். கட்டையை இழைத்து மெருகு போடுகிறார். முத்திரை எழுத்துகள் மழுங்குகின்றன. உள்ளங்கைத் தடம் மறைகிறது. சேகரிப்பாளர்களில் தேர்ந்தவர்கள் இப்படிப் புதுப்பித்ததைத் தொடமாட்டார்கள் என்பது எனக்கு ஆறுதல்.

தேய்த்துப் புதுப்பிப்பவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் வரக் காரணம் உண்டு. 1945 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை ஓபெர்ன்டோர்ஃபைப் பிடித்தது. மவுசர் ஆலையின் இயந்திரங்களைப் பிரித்துக் கொண்டுபோனார்கள், கட்டடங்களை இடித்தார்கள், ஆலையின் பதிவேடுகளையும் அழித்தார்கள். எந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த ஆண்டு எந்த ஊருக்குப் போனது என்று கேட்டால் புரட்டிப் பார்க்கப் பேரேடு கிடையாது. எஞ்சிய துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக வைத்து, எண்ணையும் முத்திரையையும் ஒப்பிட்டு, ஆய்வாளர்கள் அந்தப் பேரேட்டைத் திரும்ப எழுதிவருகிறார்கள். ஒரு குழலைச் சாணை பிடித்தால் அதில் ஒரு பக்கம் கிழிகிறது.

ஜெர்மன் சட்டமே சேகரிப்பாளரிடம் இந்தப் படிப்பைக் கேட்கிறது. அங்கே சேகரிப்பவருக்கென்று சிவப்பு நிற உரிம அட்டை உண்டு. சும்மா ஆசை என்றால் கிடைக்காது. தன் சேகரிப்புக்கு ஒரு பொருள் எல்லை வகுத்து, அது பண்பாட்டு வரலாற்றுக்கு முக்கியமானது என்று அதிகாரிகளுக்கு நிரூபிக்க வேண்டும். நம் நாட்டில் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவருக்கே இரண்டு துப்பாக்கிகள்தான்.

இந்தியாவுக்கு வந்த ஓபெர்ன்டோர்ஃப் இரும்பில் நாம் அறிந்தது ஒன்று இருக்கிறது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டார். அதற்குப் பரிசாக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹெவெட் அவருக்கு அளித்தது .275 ரிக்பி. பெயர் லண்டன் ரிக்பி, பூட்டமைப்பு மவுசர். .275 என்பதும் ஜெர்மன் 7×57-க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான். ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ.டி.எம். பெல் பெரிதும் நம்பியதும் இதே அளவை. கார்பெட்டின் துப்பாக்கி 2015-இல் ரிக்பி நிறுவனத்திடமே திரும்பிப் போனது. அதன் கட்டையில் ஒரு வெள்ளித் தகடு பதித்திருக்கிறது. யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கிறது.

ஆப்பிரிக்கா போய்வந்த துப்பாக்கிகளைப் பட்டியலிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நீலம் நாற்பது சதவீதம் மிச்சம் என்று எழுதுங்கள். கூடவே மீதி அறுபது எங்கே போயிருக்கிறது என்றும் எழுதுங்கள்: குழல்வாயிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி, இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனை அகலம் என்று. அளந்து பார்த்தால் ஒரு கையின் அளவு வரும்.

(தொடரும்)