ஜெயித்தது யாரை, ஜெயித்தது எதை?

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றான். குரலில் பாதி சிரிப்பு, பாதி சங்கடம்.

அவன் வேலை பார்ப்பது சென்னையில். அவனுடைய மேலாளர் இருப்பது இங்கிலாந்தில். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருப்பில் கேரம் போட்டி. இறுதி ஆட்டத்தில் சொந்த அண்ணனிடமே தோற்றிருக்கிறான். மறுநாள் மேலாளர் அம்மா வழக்கம்போல வார இறுதி எப்படிப் போனது என்று கேட்க, இவன் தட்டி அனுப்பியது இவ்வளவுதான்: "ஐ லாஸ்ட் மை பிரதர் யெஸ்டர்டே. ஸ்டில் அப்செட்."

அடுத்த நிமிடமே ஆழ்ந்த அனுதாபம் வந்துவிட்டது. எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள், வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். காரணம், அந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரே பொருள்தான்: நேற்று என் அண்ணன் இறந்துவிட்டான். அந்த நேரத்தில் அண்ணன் பக்கத்து அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

விட்டுப்போனது "டு" என்கிற ஒரு குட்டிச் சொல். "ஐ லாஸ்ட் டு மை பிரதர்" என்றால் அண்ணனிடம் தோற்றேன். "டு" போனால் அண்ணனே போனான்.

"இலக்கணத்துல நான் நல்ல மார்க் மாமா. இது ஏன் எனக்குத் தெரியல?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தேன். இது அவன் ஒருத்தனுடைய தப்பு இல்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிற பலரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம்.

தமிழில் "மேட்சை ஜெயிச்சேன்" என்கிறோம். "அண்ணனை ஜெயிச்சேன்" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே வினை, ஒரே "ஐ" உருபு. எழுத்துத் தமிழின் "வென்றான்" என்பதும் அப்படியே: போரையும் வெல்லலாம், பகைவனையும் வெல்லலாம். ஆங்கிலம் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஜெயித்தது எதை, ஜெயித்தது யாரை என்று முதலிலேயே பிரித்துக் கேட்கிறது.

எதை என்றால் "வின்". மேட்ச், கோப்பை, தேர்தல், வழக்கு, போர், லாட்டரி, பரிசு எல்லாம் இதில் வரும். யாரை என்றால் "பீட்". எதிராளி, எதிரணி, எதிர் வேட்பாளர் இதில் வருவார்கள். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். "இந்தியா வன் தி வேர்ல்ட் கப்" என்பது சரி. "இந்தியா பீட் வெஸ்ட் இண்டீஸ் பை 43 ரன்ஸ்" என்பதும் சரி. ஆனால் "இந்தியா வன் வெஸ்ட் இண்டீஸ்" என்று எழுதினால் ஆங்கிலேயர் குழம்பிப்போவார். வெஸ்ட் இண்டீஸ் தீவுகளையே பரிசாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்களா என்று தோன்றும். "வின்" என்ற சொல்லோடுதான் எதிராளியைச் சொல்ல வேண்டும் என்றால் நடுவில் "அகென்ஸ்ட்" போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக, "ஐ வன் மை பிரதர்" என்றால் திருவிழாக் குலுக்கலில் அண்ணன் பரிசாக விழுந்தான் என்று அர்த்தம். "ஐ பீட் மை பிரதர்" என்று மொட்டையாக எழுதினாலும் வம்புதான். "பீட்" என்பதன் முதல் பொருள் அடிப்பது. அண்ணனைப் போட்டு அடித்தேன் என்று எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு. பேச்சு எதைப் பற்றி என்று தெரியாத ஆளிடம் "அட் கேரம்" என்று விளையாட்டின் பெயரையும் சேர்த்துவிடுவது நல்லது. விளையாட்டின் பெயருக்கு முன்னால் "அட்" வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் பழக்கத்தில் "இன்" போட்டுவிடுகிறோம்.

இறந்தகால வடிவத்திலும் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. "வின்" இறந்தகாலத்தில் "வன்" ஆகும். ஒன்று என்ற எண்ணுக்குரிய ஆங்கிலச் சொல்லின் அதே உச்சரிப்பு. "வோன்" இல்லை. "பீட்" இறந்தகாலத்திலும் "பீட்" தான். "பீட்டன்" என்பது தோற்கடிக்கப்பட்ட நிலையைச் சொல்லும்போது வருவது.

"டிஃபீட்" என்பதும் ஆளைக் குறிப்பதுதான், ஆனால் கோட்டு போட்ட சொல். செய்தித்தாளில், வரலாற்றுப் புத்தகத்தில் வரும். வீட்டில் கேரம் ஆடிவிட்டு அதைச் சொன்னால், நாம் சாப்பாட்டு மேசையில் "அண்ணனைத் தோல்வியுறச் செய்தேன்" என்று சொன்ன மாதிரி இருக்கும். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. அங்கே அதன் பொருள் செய்ததைக் கலைத்துப்போடுவது. "விக்டரி"யும் இதே போலப் பெரிய சொல். நாம் "வெற்றி பெற்றான்" என்பதை நேராக மாற்றி "ஹி காட் விக்டரி" என்கிறோம். ஆங்கிலத்தில் "ஹி வன்" என்றாலே முடிந்தது. அன்றாடப் பேச்சில் "வின்" பெயர்ச்சொல்லாகவும் வரும். அலுவலகத்தில் எளிதில் முடிகிற சின்னக் காரியத்தை "குவிக் வின்" என்கிறார்களே, அதுதான்.

எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. நூலிழையில் ஜெயித்தால் "எட்ஜ்". போட்டு நசுக்கியிருந்தால் "த்ராஷ்", "ஹேமர்". அலட்டிக்கொள்ளாமல் ஜெயித்தால் "ஹேண்ட்ஸ் டவுன்". இது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஜெயிப்பது உறுதியானதும் ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்திக் கையைத் தாழ்த்திவிடுவார். எதிராளி வராததால் கிடைக்கிற "வாக் ஓவர்" கூட அங்கிருந்துதான். பந்தயத்தில் ஒரே ஒரு குதிரைதான் நிற்கிறது என்றால், அது ஓட வேண்டியதில்லை. பாதையில் நடந்து முடித்தாலே போதும்.

ஜெயித்தும் நஷ்டம் என்றால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: "பிர்ரிக் விக்டரி". கி.மு. 279இல் அஸ்குலம் என்ற இடத்தில் ரோமானியர்களை ஜெயித்த பிர்ரஸ் மன்னன், அதற்குள் தன் நல்ல வீரர்களில் பெரும்பகுதியை இழந்துவிட்டான். கணவன் மனைவி சண்டையில் ஜெயித்தவர்களுக்கு இந்த மன்னனை நன்றாகப் புரியும். அந்தச் சண்டைக்கு ஆங்கிலத்தில் இன்னொரு உபயோகமான ஜோடி இருக்கிறது. "வின் தி ஆர்க்யுமெண்ட்" என்றால் வாதத்தில் ஜெயிப்பது. "வின் ஓவர்" என்றால் ஆளையே நம் பக்கம் கொண்டுவருவது. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று நினைப்பதில்தான் தொல்லையே. ஒருவர் சலித்துப்போய் "ஓகே, யு வின்" என்று சொன்னால், அது பெரும்பாலும் நாம் ஜெயித்ததற்கான அறிகுறி இல்லை.

இதுவரை சொன்னது பேச்சுத் தப்பு, எழுத்துத் தப்பு. எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு அடுத்தது.

தமிழில் வெற்றி, தோல்வி என்கிற இரண்டே பானையில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். போரில் வெற்றி, படம் வெற்றி, தேர்வில் வெற்றி, ஆபரேஷன் வெற்றி. ஆங்கிலத்தில் எதிராளி இருந்தால்தான் "வின்", "லூஸ்". எதிராளி இல்லாமல் நாம் நினைத்த காரியம் கைகூடுவது "சக்ஸீட்". கைகூடாதது "ஃபெயில்". படம் "வின்" ஆகாது. பரீட்சையை யாரும் "லூஸ்" பண்ண முடியாது.

தேர்வு முடிவு வருகிற நாளில் "தேர்வில் தோல்வி" என்று எழுதுகிறோம். பதினைந்து வயதுப் பையன் கணக்கில் முப்பது மார்க் வாங்கியிருக்கிறான். அவன் யாரிடம் தோற்றான்? எதிரே யாரும் நிற்கவில்லை. கணக்கு அவனோடு சண்டைக்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தோல்வி என்ற சொல் அவனை ஒரு களத்தில் நிறுத்தி, வீழ்ந்தவன் ஆக்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஜெயித்தவன் ஆகிவிடுகிறான். இருவரும் போட்டியே போடவில்லை.

ஆங்கிலம் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. "லூசர்" என்று ஆளையே முத்திரை குத்துகிற வசவு அங்கிருந்துதான் வந்தது. நம்மிடமும் நல்ல சொல் இல்லாமல் இல்லை. "தேர்ச்சி" என்று ஒன்று வைத்திருக்கிறோம். அதற்குப் பொருள் ஒன்றில் கைதேர்வது. அதில் யாரும் யாரையும் வீழ்த்தவில்லை. "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்பதில் "இன்னும்" என்ற சொல் உட்கார இடம் இருக்கிறது. "இன்னும் தோல்வி" என்றால் அது வேறு மாதிரி ஒலிக்கிறது, இல்லையா?

"வின்" என்ற சொல்லே முதலில் இப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் "வின்னன்" என்றால் பாடுபடுவது, போராடுவது, துன்பப்படுவது. பாடுபட்டால் கிடைப்பது என்ற பொருள் பிறகு வந்தது. பழைய பொருளின் வாசனை இன்னும் இரண்டு இடத்தில் மிச்சமிருக்கிறது. சுரங்கத்தொழிலில் நிலக்கரியை வெட்டி எடுப்பதற்கு "வின்" என்று சொல்வார்கள். சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவரை "பிரெட்வின்னர்" என்கிறோம். அவர் யாரையும் ஜெயிக்கவில்லை. வீட்டுக்கு ரொட்டி கொண்டுவருகிறார்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். பாதியில் "சரி மாமா, மேனேஜருக்கு இப்ப என்ன எழுத?" என்றான். உள்ளதை உள்ளபடி எழுது, "டு" மட்டும் மறக்காதே என்றேன். எழுதினான். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்ததாகவும், அண்ணன் நலமாக இருப்பதில் மிக்க மகிழ்ச்சி என்று பதில் போட்டதாகவும் சொன்னான். லீவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாராம்.