மதுவும் மக்னீசியமும்: மூத்தோர் அறிந்திருக்க வேண்டியவை

இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா? தேநீர்க் குவளையைத் தூக்கும்போது கை நடுங்குகிறதா? எப்போதும் சோர்வாக இருக்கிறதா? "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் தொடர்ந்து மது அருந்துபவர் என்றால், மக்னீசியக் குறைபாடும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மக்னீசியம் ஏன் தேவை?

மக்னீசியம் ஒரு தாதுச்சத்து. பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 25 கிராம் மக்னீசியம் உள்ளது. அதில் பாதிக்குமேல் எலும்புகளில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தசை, கல்லீரல் போன்றவற்றின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது. தசைகள் சரியாக இயங்கவும் இதயம் சீராகத் துடிக்கவும் அது தேவை. கல்லீரல் உணவைச் சக்தியாக மாற்றுவதற்கும் அது உதவுகிறது.

மது என்ன செய்கிறது?

நாம் அருந்தும் மதுவின் பெரும்பகுதியைச் சிதைப்பது கல்லீரல்தான். மது தொடர்ந்து வரும்போது, கல்லீரல் உயிரணுக்களில் உள்ள மக்னீசியம் வெளியேறி ரத்தத்தில் கலக்கிறது. வழக்கமாகச் சிறுநீரகங்கள் இச்சத்தைச் சேமித்து வைக்கும். ஆனால் மது அருந்தும்போது அதைச் சிறுநீருடன் வெளியேற்றிவிடும். சாப்பிடாமல் குடிப்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை குறைபாட்டை மோசமாக்கும்.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

உடலிலுள்ள மக்னீசியத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான அளவே ரத்தத்தில் இருக்கிறது. எனவே, பரிசோதனை முடிவு சரியாக இருந்தாலும் உயிரணுக்களில் குறைபாடு இருக்கக்கூடும். நீங்கள் எவ்வளவு அருந்துகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவரால் சரியாகக் கண்டறிய முடியும். கூச்சப்பட வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• மதுவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஒரு நாளில் 2 அளவுக்கும், பெண்கள் 1 அளவுக்கும் மேல் அருந்தக்கூடாது. ஓர் அளவு என்பது 220 மில்லிலிட்டர் பீர், 100 மில்லிலிட்டர் ஒயின் அல்லது 30 மில்லிலிட்டர் விஸ்கி. கல்லீரல் நோய் உள்ளவர்கள் மதுவை அறவே தவிர்க்க வேண்டும்.

• கீரை, பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, கேழ்வரகு, தவிட்டு அரிசி ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் சில மாத்திரைகளும், நெடுநாள் சாப்பிடும் ஒமெப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரைகளும் மக்னீசியத்தைக் குறைக்கலாம்.

• மக்னீசிய மாத்திரைகளை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது உடலில் தேங்கி ஆபத்தை விளைவிக்கலாம்.

கவனம்!

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தக்கூடாது. முதலில் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். குடியை நிறுத்தியபின் கடுமையான நடுக்கம், குழப்பம் அல்லது வலிப்பு ஏற்பட்டால், உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள். இதயம் தாறுமாறாகத் துடித்தாலும் தாமதிக்காதீர்கள்.

குடும்பத்தாருக்கு: வீட்டிலுள்ள பெரியவர் மது அருந்துபவர் என்றால், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவரைப் பார்க்க அவருடன் நீங்களும் செல்லுங்கள்.