படையைத் திருப்பி அனுப்பும் செல்கள்

ஒன்பது வயதுச் சிறுவன் அவன். ரத்தப் புற்றுநோய்க்காக, வேறொருவர் தானமாகத் தந்த ஸ்டெம் செல்களை அவனுக்கு ஏற்றியிருந்தார்கள். காப்பாற்ற வந்தவையே அவன்மேல் பாய்ந்தன. தானமாக வந்த வெள்ளையணுக்கள் அவனுடைய குடலையும் ஈரலையும் அந்நியம் என்று எண்ணித் தாக்கின. மருத்துவர்கள் ‘ஜி.வி.ஹெச்.டி.’ என்று சொல்லும் இந்தப் பாதிப்பு, ஸ்டீராய்டு மருந்துக்கும் அடங்கவில்லை.

ஸ்வீடனில் கேட்டரினா லெ பிளாங்க் குழுவினர் வேறு வழி தேடினார்கள். சிறுவனின் தாயிடம் எலும்பு மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள ஒருவகைச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் வீதம் செலுத்தினார்கள். தாக்குதல் தணிந்தது. ஓராண்டு கழித்தும் சிறுவன் நலமாக இருக்கிறான் என்று 2004இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்.

அந்தச் செல்களின் பெயர் மீசன்கைமல் ஸ்டெம் செல்கள். இவற்றை எலும்பு மஜ்ஜையில் அடையாளம் கண்டவர் சோவியத் அறிவியலாளர் அலெக்சாண்டர் ஃப்ரீடென்ஸ்டைன். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்று பலவாக மாறக்கூடியவை என்பதால்தான் முதலில் இவற்றுக்கு மதிப்பு. ஆனால், சிறுவனின் உடலில் இவை எதுவாகவும் மாறத் தேவை இருக்கவில்லை. சண்டையை நிறுத்தியதே இவை செய்த வேலை.

எப்படி நிறுத்துகின்றன? நோய் எதிர்ப்புப் படையின் முக்கிய வீரர்கள் டி செல்கள். தாக்கும்போது அவை ‘இன்டர்ஃபெரான் காமா’ என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது மேலே பட்டதும் ஸ்டெம் செல் விழித்துக்கொள்கிறது, ‘ஐ.டி.ஓ.’ என்ற நொதியைத் தயாரிக்கிறது. பால், முட்டை, பருப்பிலிருந்து நமக்குக் கிடைக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை அந்த நொதி சிதைத்துவிடும். டிரிப்டோஃபேன் குறைந்தால் டி செல்லால் பெருக முடியாது. படைக்குப் போகிற அரிசி மூட்டையை வழியிலேயே மறிப்பது போலத்தான். இன்னொரு பக்கம், ஸ்டெம் செல் ‘புராஸ்டாகிளாண்டின் ஈ2’ சுரந்து, அழற்சியைத் தூண்டும் விழுங்கணுக்களை அதைத் தணிக்கும் விழுங்கணுக்களாக மாற்றுகிறது. சண்டை இல்லாத இடத்தில் இந்த ஆற்றல் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும்.

இதில் ஒரு புதிர் இருந்தது. ரத்தக்குழாயில் செலுத்தப்படும் இந்தச் செல்கள் உருவில் பெரியவை. பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, ஓரிரு நாளில் மறைந்துவிடும். மறைந்தவை எப்படிக் குணமாக்கும்? 2017இல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு விடை தந்தார்கள். நோயாளியின் உடலில் உள்ள கொல்லும் செல்கள் இவற்றைச் சாகடிக்கின்றன. செத்த செல்களை விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கியபின் அந்த விழுங்கணுக்களே ஐ.டி.ஓ. தயாரிக்கத் தொடங்குகின்றன! இந்தச் செல்களைக் கொல்லும் திறன் யாருடைய ரத்தத்தில் அதிகமாக இருந்ததோ, அவர்களுக்கே சிகிச்சை பலித்தது.

‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று 1991இல் பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்லனே, இவை சமிக்ஞை அனுப்பும் செல்கள், பெயரை மாற்றுங்கள் என்று பின்னாளில் வாதாடினார். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவ்வகைச் செல்மருந்து ஒன்றுக்கு முதன்முறையாக அனுமதி தந்தது. அதுவும் ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜி.வி.ஹெச்.டி. உள்ள குழந்தைகளுக்கு மட்டும்.

இந்த ‘மட்டும்’ என்ற சொல்லை நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை எல்லாவற்றையும் ஸ்டெம் செல் தீர்க்கும் என்று விளம்பரங்கள் வருகின்றன. நிரூபணமாகாத சிகிச்சையை முறையான மருத்துவ ஆய்வின் பகுதியாக மட்டுமே தரலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நகையை அடகுவைத்துப் பணம் கட்டச் சொல்கிறார்கள் என்றால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.