புதுசா அசெம்பிள் செஞ்ச கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? கடைக்குத் திரும்ப ஓடும் முன் இதைச் செக் பண்ணுங்க!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பலர். சென்னைவாசி என்றால் பிரச்சனை இல்லை. ஆனால் ஆர்.கே.பேட்டை போன்ற ஊரில் இருப்பவர், பஸ் ஏறி திருத்தணி வந்து, அங்கிருந்து ரயிலில் சென்ட்ரல் போய், பிறகுதான் கடைக்குப் போக முடியும். ஒரு நாள் வேலை போச்சு!

அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போன பிறகு, "கேபிள் சரியா மாட்டல" என்று கடைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? புது கம்ப்யூட்டர் ஆன் ஆகாததற்கு பல நேரங்களில் காரணம் இதுதான். பார்ட்ஸ் பழுதாக இருக்காது. அதனால், முதலில் வீட்டிலேயே இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்க.

தொடும் முன்...

எந்த கேபிளைத் தொடுவதாக இருந்தாலும் பிளக்கைக் கழற்றிவிடுங்க. உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்க, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுக்கோங்க. எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் ஒருபோதும் திறக்காதீங்க. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஃபேன் கூட சுத்தலையா?

* எஸ்.எம்.பி.எஸ் பின்பக்க சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்க.
* மதர்போர்டின் 24 பின் கேபிளை கிளிப் மாட்டும் வரை அழுத்துங்க.
* கேபினெட் பவர் பட்டனின் சின்ன வயர், மதர்போர்டில் சரியான பின்னில் இருக்கா என மேனுவலைப் பார்த்து உறுதி செய்யுங்க.
* கேபினெட்டில் தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப் ஸ்க்ரூ இருந்தால், மதர்போர்டின் அடிப்பக்கத்தில் பட்டு ஷார்ட் ஆகும்.

ஃபேன் சுத்துது, ஆனா டிஸ்பிளே வரலையா?

* பிராசஸர் அருகே தனியாக ஒரு 8 பின் பவர் கேபிள் மாட்டணும். பலர் மறப்பது இதைத்தான். கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னும் பார்க்க இதே மாதிரி இருக்கும். மாற்றி அழுத்தக் கூடாது.
* ரேமைக் கழற்றி, 'கிளிக்' சத்தம் கேட்கும் வரை மாட்டுங்க. தறி ஓடும் வீடு என்றால் ஸ்லாட்டில் பஞ்சுத் தூசி இருக்கா என்றும் பாருங்க.
* மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கணும். ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 போன்ற பிராசஸர்களில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் கேபிள் மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும்.
* டிடிஆர்5 ரேம் என்றால் முதல் முறை ஆன் ஆக சில நிமிடங்கள் பிடிக்கலாம். அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீங்க.

மதர்போர்டே சொல்லும் காரணம்

பல புது மதர்போர்டுகளில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் எரியுதோ, கோளாறு அந்தப் பக்கம். டிராம் எரிந்தால் ரேம், விஜிஏ எரிந்தால் கிராபிக்ஸ் கார்டு. பூட் மட்டும் எரிந்தால், ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி-யிலோ விண்டோஸ் இன்னும் போடவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

இதுக்கும் மசியலையா?

எல்லாத்தையும் கழற்றி, மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேல் வையுங்க. பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ் மட்டும் மாட்டி ஆன் செய்யுங்க. பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லை என்றால் கிராபிக்ஸ் கார்டும் வேணும். ஓடினால், மற்றதை ஒவ்வொன்றாகச் சேருங்க. எதைச் சேர்த்ததும் நிற்குதோ, சிக்கல் அதில்தான். ஓடவில்லை என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் வட்ட பேட்டரியை 5 நிமிடம் எடுத்து, திரும்பப் போட்டு முயற்சி செய்யுங்க.

பழைய மாடல் மதர்போர்டில் புது பிராசஸர் போட்டிருந்தால், பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பிராசஸர் பட்டியலில் இருக்கான்னு பாருங்க.

கடைக்குப் போகணும்னா...

பில், பெட்டிகள் எல்லாம் எடுத்துக்கோங்க. எந்த விளக்கு எரியுது என வீடியோ எடுங்க. பிராசஸர் சாக்கெட் பின்களையும் போட்டோ எடுத்து வையுங்க. வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது கஷ்டம். என்னென்ன சோதித்தீர்கள் என்பதைக் கடைக்குப் போனில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்கும் பார்ட்டை மட்டும் எடுத்துட்டுப் போனால் போதும்.