வாக்குத்தத்த அட்டை கையில் வந்ததா? முந்தைய வசனத்தையும் படியுங்கள்!

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் கிறிஸ்தவர்கள் பலருக்கும் பிடித்த வசனம், எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் உண்டு என்று கடவுள் உறுதி தரும் வசனம். இந்த வருடமே வேலை, குழந்தை என எதிர்பார்த்து, கிடைக்காதபோது 'என் விசுவாசம்தான் குறையோ' என்று உடைந்துபோகிறவர்கள் உண்டு.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் பகுதி. கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. விடுதலைக்கு 70 ஆண்டுகள் ஆகும் என்கிறது 10-ம் வசனம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பாபிலோனின் நலனுக்காகவும் ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா.

அட்டை எடுத்த கையோடு அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். யார், யாருக்கு, எப்போது சொன்னது என்று பாருங்கள். காத்திருப்பது விசுவாசக் குறைவு ஆகாது என்பது புரியும்.