முன்பணமும் மானியமும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில் நான் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். சிற்பங்களைக் காணச் செல்லும் மாணவர் கூட்டமும் அதே சாலையில்தான் செல்கிறது. வழியில் ஏரிகளும் வயல்களும், கடலை நெருங்கியதும் சவுக்குத் தோப்புகளும் நம் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் மரம் வெட்டுவோரையும் செங்கல் அறுப்போரையும் நாம் உற்று நோக்குவதில்லை. அத்தகைய தொழிலாளர் சிலரிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் பேச்சில் அடிக்கடி வந்த சொல் கூலி என்பதன்று, முன்பணம் என்பதாகும்.

முன்பணம் வாங்குவது குற்றமா என்று நீங்கள் வினவலாம். குற்றமன்று. ஆனால் திருமணத்திற்கோ மருந்துக்கோ வாங்கிய சிறு தொகைக்காக ஒருவன் குடும்பத்தோடு வேற்றூர் செல்கிறான். கணக்கு முதலாளியின் கையில் இருக்கிறது. உழைத்தும் கடன் குறைவதில்லை. வேறிடம் போக உரிமையும் இல்லை. இந்நிலையே கொத்தடிமைத்தனம். ஒருவரின் வறுமையையோ அறியாமையையோ பயன்படுத்தி, உழைப்பைச் சுரண்டும் நோக்குடன் அழைத்துச் செல்வதையும் அடைத்து வைப்பதையும் ஆட்கடத்தல் என்றே ஐக்கிய நாடுகள் சபையின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியா அதனை 2011இல் உறுதி செய்தது. ஆகவே, ஆட்கடத்தல் என்றதும் கப்பலையும் எல்லைக் காவலையும் மட்டும் எண்ணுதல் போதாது. ஒரு லாரிப் பயணத் தொலைவிலும் அது நிகழக் கூடும்.

இது செங்கற்பட்டுக்குப் புதிதன்று. அடிமைத்தனத்திற்குச் சட்டம் அளித்த ஆதரவு 1843ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. ஆயினும் அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1891இல், இந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த டிரமன்ஹீர் என்பார், ஒடுக்கப்பட்ட மக்கள் கடனுக்கு ஈடாகத் தம் உழைப்பையே எழுதிக் கொடுத்துப் படியாட்களாய் வாழ்ந்ததை அரசினருக்கு விரிவாக அறிவித்தார். அவர் கண்ட மருந்து சட்டம் மட்டுமன்று; நிலமும் கல்வியும் வேண்டும் என்றார். பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்கும் நிலங்களை ஒதுக்கிய 1892ஆம் ஆண்டு ஆணைக்கு அந்த அறிக்கையே வித்தாயிற்று.

சுதந்தர இந்தியாவின் அரசியலமைப்பு, 23ஆம் பிரிவில், மனிதரை விற்றலையும் கட்டாய உழைப்பையும் தடை செய்தது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்கள் அனைத்தையும் ரத்துச் செய்தது. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர்மேலேயே சுமத்தியது. சட்டம் கதவைத் திறந்தது என்று கொள்வோம். வெளியே வந்தவர் அன்றிரவு எதை உண்பார்? எங்கே உறங்குவார்? இக்கேள்விக்கு விடையாக வந்ததே மானியம்.

1978இல் மத்திய அரசு ஒரு மறுவாழ்வுத் திட்டம் வகுத்தது. விடுவிக்கப்பட்டவருக்கு 4,000 ரூபாய் வரை உதவி என்பது தொடக்கம். அச்செலவை மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாக ஏற்றன. 2000ஆம் ஆண்டில் அத்தொகை 20,000 ரூபாயாயிற்று. 2016இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டு, ஆடவருக்கு 1 லட்சம், பெண்டிருக்கும் சிறுவருக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு ஆளானோருக்கு 3 லட்சம் என உயர்ந்தது. உடனடி உதவி 2022 முதல் 30,000 ரூபாய் வரை கிடைக்கும். முழுத் தொகையோ, கொத்தடிமை நிலை உறுதிப்பட்ட பின்னரே வரும்.

உலக நாடுகளும் இப்பணிக்குப் பொருள் வழங்கி வந்துள்ளன. ஆட்கடத்தலால் பாதிக்கப்பட்டோருக்கென ஐக்கிய நாடுகள் சபை 2010இல் ஒரு நிதியம் நிறுவியது. அமெரிக்க அரசு 2017இல் இத்துறையில் ஓர் உலக நிதியத்துக்கு 2.5 கோடி டாலர் வழங்கியது. நம் பகுதிக்கே வந்த உதவியும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், நெதர்லாந்து அரசின் பொருளுதவியோடு சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் நடத்திய தெற்காசியத் திட்டம், அந்நாளைய காஞ்சிபுரம் மாவட்டத்திலும் நடைபெற்றது. இன்றைய செங்கற்பட்டு மாவட்டம் 2019இல்தான் தனியே பிரிந்தது என்பதை நினைவிற் கொள்க.

இத்தனை பணம் இருந்தும் துன்பம் நீடிப்பது ஏன்? கோடிகள் ஜெனிவாவில் ஒதுக்கப்படலாம். டெல்லியில் ஆணை பிறக்கலாம். ஆனால் ஒருவர் விடுபட்டவர் என்பதற்கு அடையாளம், உள்ளூர் அதிகாரி கையொப்பமிடும் விடுதலைச் சான்றிதழ் ஒன்றே. அத்தாள் தாமதித்தால் உதவியும் தாமதிக்கும். பசியோ தாமதிப்பதில்லை. முன்பணம் ஒரே மாலையில் கைக்கு வருகிறது. மானியம் மாதங்கள் கழித்து வருகிறது. இந்தப் பந்தயத்தில் மானியம் தோற்கும்போது, மீட்கப்பட்டவர் மீண்டும் அதே வண்டியில் ஏறுகிறார்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இதற்கு மாறான காட்சி ஒன்றைக் காணலாம். பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடை செய்யப்பட்டபோது, பாம்பு பிடித்தலையே தொழிலாகக் கொண்ட இருளர் பிழைப்பிழந்தனர். பிழைப்பிழந்தவரைத் தேடி முதலில் வருவது முன்பணமன்றோ! ஆனால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே உருவாயிற்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை அரசின் உரிமத்தோடு பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே நச்சுமுறி மருந்து தயாராகிறது. இம்மாவட்டத்து இருளர் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். எல்லா இருளருக்கும் இவ்வாய்ப்புக் கிட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும், பரம்பரை அறிவுக்கு நேர்மையான கூலி கிடைக்குமிடத்தில் முன்பணத்தின் பிடி தளர்கிறது என்பதற்கு இச்சங்கம் சான்று.

மாணவர்களே, ஒரு மானியத்தின் அளவைக் கேட்டு வியப்பது எளிது. அது எந்த நாளில் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதே குடிமக்களின் கடமை. உங்கள் ஊர்ச் சூளையிலோ தோப்பிலோ, கூலி கேட்க அஞ்சும் குடும்பத்தைக் கண்டால், பள்ளிக்குச் செல்லாது கல் சுமக்கும் சிறுவனைக் கண்டால், மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மடல் எழுதுங்கள். அத்தகையோரை விடுவித்து வாழவைக்கும் பொறுப்பைச் சட்டம் அவரிடமே ஒப்படைத்திருக்கிறது. அடுத்த முறை மாமல்லபுரம் செல்லும்போது, சிற்பங்களைக் காணுமுன் சவுக்குத் தோப்புகளையும் சற்றே நோக்குங்கள்.