தலைக்கு மேல ட்ரோன்... தரையில காவல்!

கம்பத்துல ட்ரோன்னா என்ன ஞாபகம் வரும்? கல்யாண வீடியோ! இல்லைன்னா, 2023 மே மாசம் ஊருக்குள்ள வந்த அரிக்கொம்பனை ஒருத்தர் ட்ரோன் விட்டுப் படமெடுக்கப் போய், யானை மிரண்டு ஓடின கதை. (அவர் மேல கேஸ் வேற!)

அதுல இருந்தது வெறும் கேமரா. குண்டு இருந்தா?

2025 மே 8 ராத்திரி. லே முதல் சர் க்ரீக் வரை 36 இடங்களுக்கு 300 - 400 ட்ரோன்களை பாகிஸ்தான் அனுப்பியதாக நம்ம ராணுவம் சொன்னது. அமிர்தசரஸ்ல ஜனங்க விளக்கணைச்சு வீட்டுக்குள்ள இருக்க, வெட்டவெளியில நின்னாங்க வான் பாதுகாப்புப் படை வீரர்கள். ஆயுதம்? எல்-70. நம்ம தாத்தா காலத்து 40 மி.மீ. பீரங்கி! ரேடார், கேமரா சேர்த்துப் புதுப்பிச்சதுல நிமிஷத்துக்கு சுமார் 300 குண்டு பறக்கும். குட்டி ட்ரோனுக்கெல்லாம் பல லட்ச ரூபா ஏவுகணையை விட்டா கட்டுப்படியாகுமா பாஸ்?

சிக்கல் என்னன்னா, சுட்டு வீழ்த்தினாலும் அது ஜனங்க தலையிலதானே விழணும்? மே 9 ராத்திரி ஃபெரோஸ்பூர் பக்கத்து கிராமத்துல ஒரு வீட்டுல ட்ரோன் விழுந்து தீப்பிடிச்சது. மூணு பேருக்குத் தீக்காயம். அந்த வீட்டு அம்மா சில நாள்ல இறந்துட்டாங்க.

உங்க தெருவுக்கு லீவுல வர்ற பட்டாளத்து அண்ணன்கிட்ட, 'அந்த ராத்திரி எங்கண்ணே இருந்தீங்க?'ன்னு கேட்டுப் பாருங்க.